கொல்கத்தா வார இறுதிப் ‘பேட்டை உணவு நடை’: முன்பணம் அனுப்புவதற்கு முன் படித்துவிடுங்கள்

கொல்கத்தாவுக்கு வார இறுதியில் சென்றுவர நினைக்கும் தமிழ்க் குடும்பங்களிடம், ‘பேட்டை பேட்டையாக ஒரு உணவு நடை’ என்ற பெயரில் ஒரு நிகழ்ச்சி இன்ஸ்டாகிராம் விளம்பரங்கள் மூலமாகவும் வாட்ஸ்அப் குழுக்கள் மூலமாகவும் விற்கப்பட்டு வருகிறது. சென்ற ஆகஸ்டில் நானும் என் மனைவியும் எழுபது வயதைக் கடந்த என் தந்தையும் நபருக்கு 6,500 ரூபாய் வீதம் முழுத்தொகையையும் முன்கூட்டியே செலுத்திவிட்டு அந்த நகருக்குச் சென்றோம். வாக்களிக்கப்பட்ட பேட்டைகளில் ஒன்றைக்கூட அந்த ஏற்பாட்டாளர் எங்களுக்கு நடத்திக் காட்டவில்லை. பணத்தையும் திருப்பித் தரவில்லை. புகார் நிலுவையில் இருப்பதாலும், அவர்கள் பக்கத்தின் பெயரை அடிக்கடி மாற்றிக்கொள்வதாலும், பெயரைச் சொல்வதைவிட அவர்கள் இயங்கும் விதத்தை விவரமாகச் சொல்வதே மற்றவர்களைக் காக்கும் என்று கருதி இதை எழுதுகிறேன்.

அவர்கள் அனுப்பும் நிகழ்ச்சி நிரல் மிகவும் நேர்த்தியானது. சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு ஹௌரா பாலத்தின் அடியிலுள்ள மல்லிக் காட் பூச்சந்தை. அதன்பின் துர்க்கை சிலைகள் வனையும் கலைஞர்களின் குமார்துலி. அங்கிருந்து 1844 முதல் சந்தேஷ் என்ற இனிப்பைச் செய்துவரும் நகூர் கடை. மாலையில், அவத் நவாப் வாஜித் அலி ஷா நாடிழந்து 1856-இல் வந்து தங்கிய மெட்டியாப்ரூஸ் பகுதியில் உருளைக்கிழங்கு போட்ட கொல்கத்தா பிரியாணி. ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு டிரெட்டி பஜாரின் சீனக் காலையுணவு, ஏழு மணிக்கு மெட்ரோ ரயிலேறி காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகள், அங்கே 1918-இல் தொடங்கப்பட்ட பாரமவுண்ட் கடையின் இளநீர் சர்பத், நிறைவாக ‘அன்றே இறக்கிய ஈச்சம் பதநீர்’. இவற்றுள் ஒவ்வொரு பெயரும் உண்மையானது. நகரை நேசிக்கும் ஒருவர் தம் விருந்தினரை அழைத்துச் செல்லக்கூடிய இடங்களே அனைத்தும். என் தந்தை வாழ்நாள் முழுவதும் சைவ உணவு உண்பவர் என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் தெரிவித்திருந்தேன். வங்காளச் சைவச் சமையலின் சுக்தோ, லூச்சி, ஆலூர் தம் ஆகியவற்றை அவருக்கெனத் தனியாக ஏற்பாடு செய்வதாகப் பதிலும் எழுத்திலேயே வந்தது.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு விடுதி வாசலுக்கு வர வேண்டிய வழிகாட்டி பத்து மணியளவில் ஒரு காருடன் வந்தார். பூச்சந்தையின் உயிர்ப்பே விடியலுக்கு முன்னும் பின்னுமான அந்த ஓரிரு மணி நேரந்தான். செவ்வந்திச் சரங்கள் மூட்டை மூட்டையாக இறங்கி, பேரம் பேசப்பட்டு, தலைச்சுமையாக வெளியேறும் பரபரப்பு பத்து மணிக்குள் அடங்கிவிடுகிறது. மழைச் சேறு என்று காரணம் சொல்லி அவர் எங்களைப் பாலத்தின் மேலேயே காரில் ஓட்டிச் சென்று, கீழே தெரிவதுதான் சந்தை என்று கை காட்டினார். குமார்துலியையும் அவ்வாறே கார் கண்ணாடி வழியாகத்தான் காண நேர்ந்தது. துர்கா பூஜைக்குச் சில வாரங்களே இருக்கும் ஆகஸ்டு மாதத்தில், வைக்கோல் கட்டி, களிமண் பூசி, விரல் விரலாகச் சிலைகள் உருவாகும் அந்தச் சந்துகளுக்குள் நடந்து செல்வதற்காகவே நாங்கள் அந்த மாதத்தைத் தேர்ந்திருந்தோம். “உள்ளே ரோடு பிளாக்” என்ற ஒரே பதிலுடன் வண்டி திரும்பியது.

வண்டி திரும்பிய இடம் நியூ மார்க்கெட்டுக்குப் பின்னாலுள்ள ஒரு சந்து, அதில் ஒரு மாடி. நிரலில் இல்லாத இந்த நிறுத்தத்தை ‘நெசவாளர் குடும்பத்தின் வீடு’ என்று வழிகாட்டி அறிமுகப்படுத்தினார். வங்காளத்தின் தாந்த் புடவைகள் நதியா மாவட்டத்துச் சாந்திபூரிலும் புலியாவிலும், பாலுச்சரிப் புடவைகள் விஷ்ணுபூரிலும் நெய்யப்படுபவை. நகரின் நடுவே, தறியின் ஒரு கட்டைகூட இல்லாத அறையில் நெசவாளர் வீடு இருக்க வழியில்லை. கைத்தறி ஜாம்தானி என்று சொல்லி 9,800 ரூபாய் விலை கூறப்பட்ட புடவையை என் மனைவி திருப்பிப் பார்த்தார். உண்மையான ஜாம்தானியில் ஒவ்வொரு பூவும் தறியிலேயே தனி இழை கொடுத்து நெய்யப்படுவதால் பின்பக்கத்தில் அந்த இழை தெரியும். இங்கே பின்பக்கம் வெறும் துணியாக இருந்தது, பூக்கள் அச்சிடப்பட்டவை. நாங்கள் எதையும் வாங்காமல் எழுந்துகொண்டதிலிருந்து வழிகாட்டியின் பேச்சில் இருந்த மரியாதை முற்றிலும் போய்விட்டது. இந்நிகழ்ச்சியின் உண்மையான வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. வங்காளக் கைத்தறி வாங்க விரும்புவோர் மாநில அரசின் தந்துஜா விற்பனை நிலையங்களுக்கு நேராகச் செல்லலாம். இடைத்தரகர் எவரும் வேண்டியதில்லை.

மதிய உணவைப் பற்றி எழுதும்போது இப்போதும் மனம் பதறுகிறது. பிற்பகல் இரண்டரை மணிக்குப் பிறகு எங்களை அழைத்துச் சென்ற உணவகம், சீன நூடுல்ஸிலிருந்து பன்னீர் பட்டர் மசாலா வரை எல்லாம் விற்கும், பேட்டை எதனோடும் தொடர்பில்லாத ஓர் இடம். என் தந்தைக்குத் தனியாக வைக்கப்பட்ட தட்டில் சோறும் பருப்பும் சுரைக்காய்க் கூட்டும் இருந்தன. இரண்டு கவளம் உண்ட பிறகு அவர் ஏதோ பல்லில் இடறுகிறது என்று வாயிலிருந்து எடுத்துக் காட்டினார், அது இறால். வங்காளச் சமையலில் சுரைக்காயோடு சிறு இறால் சேர்ப்பதும், வாழைப்பூவோடு இறால் சேர்ப்பதும், பருப்பில் மீன் தலை போட்டுக் கொதிக்க வைப்பதும் வழக்கமானவை, அவர்களுக்குப் பெருமைக்குரியவையும்கூட. அந்தச் சமையலின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சைவம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, பணமும் வாங்கிக்கொண்டு, சமையற்கட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தத் தட்டை ஒரு முதியவர் முன் வைத்ததுதான் மன்னிக்க முடியாதது. “சின்ன இறால்தானே சார், எடுத்து ஓரமாக வைத்துவிடச் சொல்லுங்கள்” என்றார் வழிகாட்டி. அப்பா எழுந்து சென்று நெடுநேரம் வாய் கொப்பளித்துவிட்டு, யாரையும் ஒரு சொல் கடிந்துகொள்ளாமல், அன்று மாலை வரை தண்ணீரைத் தவிர வேறொன்றும் உண்ணாமல் இருந்தார். சைவ உணவு உண்பவர்களுடன் கொல்கத்தா செல்கிறவர்கள் ‘வெஜ்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், மீனும் இறாலும் முட்டையும் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்பது அவசியம்.

எங்கள் இருவருக்கும் பரிமாறப்பட்ட கடுகு அரைத்த ஹில்சா மீனுக்கு, அது நிகழ்ச்சிக் கட்டணத்தில் சேராது என்று சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லப்பட்டது. துண்டு ஒன்றுக்கு 1,400 ரூபாய். உணவுப் பட்டியலில் அதற்கு நேரே விலை எதுவும் இல்லை, ‘அன்றைய சந்தை விலை’ என்று மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது. ஹில்சா மழைக்காலத்து மீன், எடைக்கு ஏற்ப விலை ஏறும் என்பதும் உண்மைதான். ஆனால் விலையை முன்னதாகச் சொல்லாமல் பரிமாறுவதற்கு அந்த உண்மை எந்த வகையிலும் நியாயம் ஆகாது. மெட்டியாப்ரூஸ் பயணம் போக்குவரத்து நெரிசல் என்று சொல்லி ரத்து செய்யப்பட்டு, அதற்கு ஈடாக விடுதிக்கு இரண்டு பிரியாணிப் பொட்டலங்கள் வந்தன.

அன்று மாலை, பல தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட் பகுதியில் இருக்கும் எங்கள் குடும்ப நண்பர் வீட்டுக்குச் சென்றோம். அப்பாவுக்கு ரசமும் சோறும் போட்டுவிட்டு, அந்த வீட்டு மாமி என் கைபேசியில் இருந்த நிகழ்ச்சி நிரலை வாங்கிப் படித்தார். “ஞாயித்துக்கிழமை காலேஜ் ஸ்ட்ரீட்ல யாருப்பா புஸ்தகக் கடை திறப்பா? காத்தால ஏழு மணிக்கு மெட்ரோ ஏது, ஞாயித்துக்கிழமைன்னா லேட்டாத்தானே ஓடும்? ஆகஸ்டுல ஈச்ச மரத்துல பதநீர் எங்கேந்து வரும்?” என்று ஒவ்வொரு வரியாகக் கேட்டார். வங்காளத்தில் ஈச்ச மரம் சீவப்படுவது குளிர்காலத்தில்தான். மாலையில் கட்டிய பானையை விடியலில் இறக்கி, அந்தப் பதநீரைக் காய்ச்சி எடுப்பதே நோலன் குர் என்ற புது வெல்லம். கார்த்திகை கடைசியில் தொடங்கி மாசி வரை கிடைக்கும் பொருளை ஆவணியில் ‘அன்றே இறக்கியது’ என்று விற்க முடியாது. டப்பாவில் அடைத்த வெல்லம் வேண்டுமானால் மற்ற மாதங்களிலும் கிடைக்கலாம்.

மாமி சொன்ன பிறகுதான் இந்த மோசடியின் முழு உருவம் எனக்குப் புலப்பட்டது. அந்த நிரலை எழுதியவருக்கு இடங்களின் பெயர்கள் தெரியும், ஆனால் அவற்றின் நேரமும் பருவமும் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. ஏனென்றால் அங்கே எவரையும் அழைத்துச் செல்லும் எண்ணம் முதலிலிருந்தே கிடையாது. ஒவ்வொரு பேட்டைக்கும் அதற்குரிய கிழமையும் நாழிகையும் உண்டு, அதை அங்கே வாழ்பவர்கள் கேட்காமலே அறிவார்கள். ஆகவே எந்த நகருக்காக இருந்தாலும், இத்தகைய நிரல் கைக்கு வந்தவுடன் அதிலுள்ள ஒவ்வொரு இடத்தையும் அந்தக் கிழமையில், அந்த மணியில், அந்த மாதத்தில் அது நடக்கக்கூடியதா என்று ஊரில் வசிக்கும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அப்படி எவரும் இல்லையென்றால், அந்தக் கடைக்கே ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ஏற்பாட்டாளர் காட்டும் பாராட்டுரைகளைப் படிப்பதைவிட இந்தச் சோதனை பன்மடங்கு நம்பகமானது.

ஞாயிறு காலை ஐந்தரைக்கும் வழிகாட்டி வரவில்லை, அழைப்பையும் எடுக்கவில்லை. ஆறு மணிக்கு மேல் காத்திராமல், மஞ்சள் டாக்சி ஒன்றைப் பிடித்து, டிரெட்டி பஜாரின் சீனக் காலையுணவு விற்கப்படும் இடமான, லால்பஜார் காவல் தலைமையகத்துக்கு அருகிலிருக்கும் போத்தார் கோர்ட் என்று சொன்னோம். ஓட்டுநருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நடைபாதையில் மூங்கில் கூடைகளில் ஆவி பறக்க வைக்கப்பட்டிருந்த பாவ் எனும் பூரணம் வைத்த சீன ரொட்டி, மீன் உருண்டை சூப், பன்றி இறைச்சித் தொத்திறைச்சி ஆகியவற்றை, தலைமுறைகளாக இந்நகரில் வாழ்ந்துவரும் சீன வம்சாவளிக் குடும்பத்தினரும் அவர்களோடு வங்காளிகளும் விற்றுக்கொண்டிருந்தனர். எட்டரை மணிக்குள் கூடைகள் காலியாகிவிடும் என்பதால் கூட்டம் அந்த நேரத்திலேயே நெருக்கியடித்தது. நானும் மனைவியும் வயிறார உண்டதற்கு ஆன செலவு, அந்த ஹில்சாத் துண்டு ஒன்றின் விலையில் சிறு பகுதிகூட இல்லை. அப்பா அருகே ஒரு கடையில் மண் குவளைத் தேநீரும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு, அந்தக் கூட்டத்தை ரசித்தபடி நின்றிருந்தார். இதைச் சொல்வதற்குக் காரணம், அந்தப் பேட்டையைப் பார்க்க நபருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதே இல்லை என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

காலை பத்து மணிக்கு ஏற்பாட்டாளரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: ஒன்பதரை மணிக்கு வாகனம் வந்தபோது நாங்கள் விடுதியில் இல்லையாம், ஆகவே பயணத்தை நாங்களே ரத்து செய்ததாகக் கருதப்படுமாம், ‘வராதவர்களுக்குப்’ பணம் திருப்பித் தரப்படாதாம். ஐந்தரை மணி என்று அவர்களே அனுப்பிய நிரலின் படத்தை நான் அனுப்பியதும் என் எண் முடக்கப்பட்டது. இது தற்செயலாக நடந்த குளறுபடி என்று நான் நம்பவில்லை. வராமலிருந்துவிட்டு, வாடிக்கையாளர் வெளியே கிளம்பிய பிறகு வாகனத்தை அனுப்பி, ‘வரவில்லை’ என்று பதிவு செய்துகொள்வது பணத்தை வைத்துக்கொள்வதற்கென்றே அமைத்த வழி. ஏற்பாட்டாளர் தாமதித்தால், குறித்த நேரத்தில் விடுதி வாசலில் நின்றபடி அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். அதில் பதிவாகும் நேரமே பிறகு உங்களுக்குச் சாட்சி.

முன்பணம் கேட்கும்போதே கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. யுபிஐ-யில் பணம் அனுப்பும் திரையில் வரும் பெயர் நிறுவனத்தின் பெயராக இல்லாமல் தனிநபர் பெயராக இருந்தால் ரசீதும் ஜிஎஸ்டி எண்ணும் கேளுங்கள். எங்களுக்கு இரண்டுமே ‘வந்து சேர்ந்ததும் தரப்படும்’ என்று சொல்லப்பட்டு, கடைசிவரை தரப்படவில்லை. நேர்மையாக நடைப்பயணம் நடத்துபவர்கள் இந்நகரில் பலர் உள்ளனர். அவர்கள் சிறு முன்பணம் மட்டும் வாங்கிக்கொண்டு மீதியை நடை முடிந்தபின் பெறுவதாக மாமி சொன்னார். நிரலில் ‘நடை’ என்று எழுதிவிட்டுக் காருடன் வருபவர், உங்களைக் கடைகளுக்கு ஓட்டிச் செல்லவே வருகிறார்.

ஏமாற்றப்பட்டவர்கள் வெளியூர் வழக்கு என்று அஞ்சிக் கைவிட வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். பணம் வாங்கியவர் அடையாளத்தையே மறைத்துவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். நான் சென்னையிலேயே புகார் அளித்திருக்கிறேன். பணம் அனுப்பிய சான்று, நிரல், சைவ உணவு குறித்த எழுத்துப் பரிமாற்றம், ஹில்சா ரசீது ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

இதே படங்களுடன் வேறொரு பெயரில் இப்போது துர்கா பூஜை வார இறுதிக்கான விளம்பரம் வந்துகொண்டிருக்கிறது. அஷ்டமி மாலையில் காரிலேயே பந்தல் பந்தலாகச் சுற்றிக் காட்டுவதாகவும், அன்று காலை குமார்துலியில் துர்க்கை சிலைகள் வனையப்படுவதைக் காணலாம் என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். பூஜை மாலைகளில் முக்கியப் பந்தல்களைச் சுற்றியுள்ள சாலைகள் நடந்து செல்பவர்களுக்கே போதாமல் நிரம்பி வழியும், வாகனங்களும் பல இடங்களில் திருப்பி அனுப்பப்படும். அஷ்டமி வருவதற்கு முன்பே குமார்துலியின் துர்க்கைகள் அனைத்தும் பந்தல்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.