1973 ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன்: 55 மைல் வேகத்தில் கார்ன்வாலுக்கு

மூன்று ஆண்டுகளாக நான் ஓட்டிவரும் இந்த 1600 சிசி கேம்பர் வேன் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி), நெடுஞ்சாலையில் மணிக்கு 55 மைல் வேகத்தில் செல்லும்போதுதான் முழு நிறைவைத் தருகிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டலிலிருந்து எம்5 நெடுஞ்சாலை வழியாக எக்ஸெட்டர் வந்து, ஏ30 சாலையைப் பிடித்துக் கார்ன்வால் போகும்போது, 56 மைலுக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தப்பட்ட பெரிய லாரிகளுக்குப் பின்னால் போதிய இடைவெளி விட்டுச் செல்வதே இதற்கு ஏற்ற நடை.

65 மைலையும் எட்டும். ஆனால் தட்டையான முகப்பால் காற்றை எதிர்த்துச் செல்ல அதன் 50 குதிரைத்திறன் முழுவதும் தேவைப்படுவதால், காற்றால் மட்டுமே குளிரும் எஞ்சினில் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். அதைக் காட்ட டாஷ்போர்டில் வெப்பமானியும் கிடையாது. ஏற்றத்திலும் நான்காம் கியரிலேயே திணற விடக் கூடாது. குளிர்விக்கும் விசிறியைச் சுழற்றுவதே எஞ்சின்தான் என்பதால், சுழற்சி குறைந்தால் காற்றும் குறையும். ஆகவே கார்ன்வாலின் போட்மின் மூர் மேடுகளில் வேகம் 40 மைலுக்கு இறங்கும்போதே மூன்றாம் கியருக்கு மாற்றிவிடுகிறேன். ஜெனரேட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தால் அதைச் சுழற்றும் பெல்ட் அறுந்திருக்கலாம். அதே பெல்ட்தான் விசிறியையும் சுழற்றுகிறது என்பதால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

முதல் கோடையில் எனக்குப் பெரும் கவலை தந்தது வேறொன்று. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு ஆயில் அளவுக் கம்பியை உருவினால் விரல் சுட்டது. எஞ்சினைக் கழற்றி மாட்டிய பணிமனையில், அதைச் சுற்றி இருக்க வேண்டிய ரப்பர் பட்டையைப் பொருத்தாமலே விட்டிருந்தார்கள். அதனால் அடியிலிருந்து மேலேறிய சூடான காற்றையே விசிறி மீண்டும் இழுத்துக்கொண்டிருந்தது. பட்டையை மாட்டிய பிறகு, இரண்டு மணி நேர ஓட்டத்துக்குப் பின்னும் அதே கம்பியைக் கையில் பிடிக்க முடிகிறது.

மற்றபடி பராமரிப்பு எளிது. இதில் இருப்பது இரண்டரை லிட்டர் ஆயிலும் ஒரு கம்பிவலை வடிகட்டியும்தான் என்பதால், 3,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதை நான் தள்ளிப்போடுவதில்லை. வால்வு இடைவெளியை எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கும் காலை வேளையில் 0.15 மில்லிமீட்டருக்குச் சரிசெய்கிறேன்.

நாள் முழுதும் 55 மைலில் செல்லப் பொறுமை உள்ளவர்களுக்கு இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். வாங்கப் போகிறவர்கள் மைல் கணக்கைப் பார்ப்பதற்கு முன், பின்புறமுள்ள எஞ்சின் மூடியைத் திறந்து எஞ்சினைச் சுற்றி அந்த ரப்பர் பட்டை முழுமையாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.