கழுவாத ரோமானியக் காசு: பத்துக்கு ஏழு தேறியது

கொழிஞ்சாம்பாறையில் ஒரு வங்கிக்கு இருபது வருடமாக நகை உரசிப் பார்த்துச் சொல்பவன் நான். நாள் முழுக்கத் தங்கத்தையே பார்க்கிற கண்ணுக்குச் செம்பு ஒரு மாற்றம். போன வருடம் கோயம்புத்தூரில் ஒரு நாணயக் கண்காட்சியில் ‘கழுவாத ரோமானியக் காசுகள், பத்து’ என்று எழுதிய பொட்டலத்தை 3,800 ரூபாய்க்கு வாங்கினேன். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் விற்றவர் யார் என்பது வேண்டாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளலூரிலும் திருச்சூர் பக்கம் எய்யாலிலும் புதையலாகக் கிடைத்ததே, அந்த மாதிரி வெள்ளி இதில் வராது. நம் பக்கத்து மண்ணில் அதிகம் கிடைப்பது அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற ரோமானியப் பேரரசர்களின் முகம் போட்ட வெள்ளிக்காசு. பொட்டலத்தில் இருப்பதோ முந்நூறு வருடம் பிந்திய செம்புச் சில்லறை. ‘ஆத்துல கிடைச்சது சார், டைபீரியஸ்’ என்று காதோரம் வந்து சொல்பவரிடம் மாட்டிக்கொள்வதை விட இது மேல். வங்கிக்கே ஒருவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். போலி என்று காட்டிக்கொடுக்க, விளிம்பைச் சுற்றி வார்ப்பு அச்சின் கோடு அப்படியே இருந்தது.

பொட்டலத்தைப் பிரித்தால் பத்தும் மண்ணாங்கட்டி. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, புளியப் போட்டு ஒரு தேய் தேச்சா விளக்காட்டம் ஆயிருமுங்க” என்றாள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அந்தக் கரும்பச்சைத் தோல்தான் காசின் முகத்தையே பிடித்து வைத்திருக்கிறது. புளி பட்டால் தோலோடு ராஜாவும் போய்விடுவார். பெட்ரோல் பங்க்கில் ஒரு கேன் பேட்டரித் தண்ணீர் (ஆசிட் இல்லை, காய்ச்சி வடித்த தண்ணீர்) வாங்கி ஊறப்போட்டேன். வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, ஈர்க்குச்சி முனையால் மெல்லச் சுரண்டினேன். இரண்டு மாதம் பிடித்தது.

முதலில் தெரிந்தது ஓநாய். ரோமுலஸ், ரெமுஸ் என்ற இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு நிற்கிறது, மேலே இரண்டு நட்சத்திரம். அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

ஆட்களை அடையாளம் காண்பதுதான் பெரிய பாடு. அப்பா, பேரரசர் கான்ஸ்டன்டைன். மகன்கள் கான்ஸ்டன்டைன், கான்ஸ்டான்டியஸ், கான்ஸ்டன்ஸ். எழுத்து பாதி தேய்ந்த காசில் எல்லாப் பெயரும் ஒரே மாதிரிதான் தொடங்கும். எங்கள் வீட்டிலும் மூன்று தலைமுறையாகப் பழனிச்சாமிதான், அதனால் கோபப்பட முடியவில்லை. ஆனால் எங்கள் பழனிச்சாமிகள் அடித்துக்கொண்டு சாகவில்லை. மகன் கான்ஸ்டன்டைன், தம்பி கான்ஸ்டன்ஸின் பங்குக்குள் படையோடு நுழைந்து கி.பி. 340ல் செத்தான். கான்ஸ்டன்ஸ் 350ல் கொல்லப்பட்டான். மிஞ்சிய கான்ஸ்டான்டியஸ் 361 வரை ஆண்டான். என் பொட்டலத்திலும் அவன்தான் அதிகம்: குதிரையோடு சரிந்து விழும் எதிரியைச் சிப்பாய் ஈட்டியால் குத்துகிற காசு, மூன்று.

கொடுத்த பணம் வீணாகவில்லை என்று எனக்குத் தோன்றியது இரண்டு சிப்பாய்க் காசில்தான். இரண்டு சிப்பாய்கள், நடுவில் படைக்கொடி. 335 வாக்கு வரை கொடி இரண்டு, அதற்குப் பிறகு ஒன்று. என் பொட்டலத்தில் இரண்டு வகையும் இருந்தன. தராசில் வைத்தேன். இரட்டைக்கொடி 2.4 கிராம், ஒற்றைக்கொடி 1.5. கொடியில் ஒன்றைக் குறைத்தபோதே செம்பையும் குறைத்துவிட்டார்கள்! சேதாரம் போடுகிற ஆசாரியை விடக் கெட்டிக்காரர்கள். இதற்கே நான் கொடுத்த பணம் சரியாகிவிட்டது.

இனி குறை. ஏழுதான் தேறியது. இரண்டு, முகமே இல்லாத வெறும் சில்லு. ‘எல்லாமே படிக்கக்கூடியவை’ என்று சொல்லி விற்றது தப்பு. பத்தாவதில் வெளிர்பச்சைத் தூள் பூத்திருந்தது. அது சாதாரணக் களிம்பு இல்லை. உள்ளிருந்தே காசைத் தின்னும், ஈரக் காற்று பட்டால் இன்னும் வேகமாக. விற்பவர் அதைப் பார்த்தே தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும். கேட்டதற்கு, “பழசுன்னா அப்படித்தான் சார்” என்றார். அந்தப் பதில்தான் எரிச்சல். அடுத்த பொட்டலம் வேறு ஆளிடம்தான்.

அந்தப் பத்தாவது காசு, உள்ளே இருக்கும் உப்பு கரைந்து இறங்கட்டும் என்று, இப்போது தனி டப்பாவில் பேட்டரித் தண்ணீரில் மூழ்கி, மூடி போட்டு, சமையலறை ஜன்னலில் இருக்கிறது. தண்ணீரை மாற்ற நான் மறந்தாலும் மனைவி மாற்றிவிடுகிறாள்.