நிலக்கரி மலை, பருத்திச் சமவெளி: இரண்டு ஏழைத் தொகுதிகள்

கென்டக்கி மாநிலத்தின் 5ஆம் தொகுதி, மிசிசிப்பி மாநிலத்தின் 2ஆம் தொகுதி. அமெரிக்காவின் மிக வறிய நாடாளுமன்றத் தொகுதிகளில் இரண்டு. வறுமை ஒன்றுதான், வாக்கு நேரெதிர். முன்னதில் 1981 முதல் குடியரசுக் கட்சியின் ஹால் ரோஜர்ஸ். பின்னதில் 1993 முதல் ஜனநாயகக் கட்சியின் பென்னி தாம்சன்.

கென்டக்கியில் என்னை வியக்கவைப்பது எலியட் கவுண்டி என்ற மாவட்டம். 1869இல் உருவானது முதல் 2012 வரை எல்லா அதிபர் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்த ஊர், 2016இல் பெரும் வித்தியாசத்தில் டிரம்ப் பக்கம் சாய்ந்தது. சுற்றியுள்ள கிழக்கு மலைகளிலும் சுரங்க வேலை சுருங்கி, தொழிற்சங்கம் தேய்ந்து, பழைய பிடிப்பு கழன்றுவிட்டது.

மிசிசிப்பித் தொகுதியில் ஜாக்சன் நகரின் பெரும்பகுதியும் உண்டு. ஆனால் அதன் உயிர் டெல்டா எனப்படும் ஆற்றோரச் சமவெளியின் பருத்தி வயல்களில்தான் இருக்கிறது. அங்கே கறுப்பின மக்கள் ஜனநாயகக் கட்சிக்குப் போடும் வாக்கைப் 'பழக்க தோஷம்' என்று எழுதுவோரை என்னால் ஏற்க முடியவில்லை. 1962 ஆகஸ்டில் ஃபேனி லூ ஹேமர் என்ற கறுப்பினத் தோட்டத் தொழிலாளி பஸ் ஏறி இண்டியனோலாவுக்கு வாக்காளராகப் பதியப் போனார். மாநில அரசமைப்பின் ஒரு பிரிவுக்கு விளக்கம் எழுதச் சொல்லி, தேறவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். 18 ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து அன்றே வெளியேற்றப்பட்டார். அந்த மண்ணிலிருந்து மைக் எஸ்பி என்ற கறுப்பினத்தவர் நாடாளுமன்றத்துக்குத் தேர்வாக 1986 ஆகிவிட்டது.