கோழி செத்த காரணம் கண்டுபிடித்துத் தருவோம் என்பவர்களிடம் 5,000 கட்டாதீர்கள்

ஒரே ராத்திரியில் 14 கோழிகள். காயம் இல்லை, கழிச்சல் இல்லை. மிச்சம் இருப்பவற்றையாவது காப்பாற்ற வேண்டுமே என்று ஓர் ஆன்லைன் கால்நடை ஆலோசனைச் சேவைக்கு 5,000 கட்டினேன். வீட்டுக்கே வந்து எடுத்துப்போய், ஆய்வகத்தில் அறுத்துப் பார்த்து அறிக்கை தருவார்களாம்.

நம்பியதற்குக் காரணம் உண்டு. போனில் பேசியவர் கொண்டை நீலம் பாரித்ததா, கழுத்து துவண்டு தொங்கியதா, புதுத் தீனி மூட்டை எப்போது பிரித்தது என்று கேட்டார். கொண்டை நீலம் என்றால் பறவைக் காய்ச்சலோ கோழிக் காலராவோ இருக்கலாம். கழுத்து துவண்டால் புழு வைத்த பிணத்தைக் கொத்தியதால் வரும் பாட்டுலிசம் என்ற நச்சு நோயாக இருக்கலாம். கேள்வி எல்லாம் சரி. அதோடு சரி!

ஃப்ரிட்ஜில் வைத்துக் கொடுத்த கோழிகளைக் கொண்டுபோய் ஃப்ரீசரில் போட்டிருக்கிறார்கள். உறைந்தால் திசுவுக்குள் பனிப்படிகம் உண்டாகி செல்லைக் கிழித்துவிடும். உருகிய கல்லீரலை நறுக்கினால் கூழாக வரும், நுண்ணோக்கியில் ஒன்றும் பிடிபடாது. அறிக்கையும் அப்படித்தான் வந்தது, ஒரே வரி: "திசு சிதைவு, காரணம் அறிய இயலவில்லை." உறைந்திருந்தாலும் வைரஸுக்கு பிசிஆர் பார்க்கலாம், கோழியின் கழுத்தடித் தீனிப்பையில் இருப்பதை எடுத்து விஷம் பார்க்கலாம். இரண்டையும் செய்யவில்லை. கூடவே கொடுத்த தீனிப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை. இதற்கு 5,000!

கேட்டால், "ஆய்வகம் எங்களுடையது இல்லை சார்." மறுபடி கேட்டால், "கட்டணம் சோதனைக்குத்தான், முடிவுக்கு இல்லை." அப்புறம் பதிலே கிடையாது.

இதைவிடக் கொடுமை, மிச்சக் கோழிகளுக்குத் தண்ணீரில் டியாமுலின் என்ற ஆன்டிபயாடிக் கலந்து கொடுக்கச் சொன்னது. தீனியில் ரத்தக்கழிச்சலுக்காக மோனென்சினோ சாலினோமைசினோ மருந்தாகச் சேர்த்திருந்தால் டியாமுலின் அதை உடம்பிலிருந்து வெளியேற விடாது. கால் இழுத்துக்கொண்டு, இதயத் தசை கெட்டு, இருப்பதும் செத்துவிடும். தீனி மூட்டை எப்போது பிரித்தது என்று கேட்டவருக்கு அதில் என்ன மருந்து இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. நான் கொடுக்கவில்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும்:

பல கோழிகள் ஒன்றாகச் செத்தால் வீட்டில் அறுக்காதீர்கள். பறவைக் காய்ச்சலாக இருந்தால் ஆளுக்கும் ஆபத்து. கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள். அரசு கால்நடை மருத்துவருக்கு உடனே சொல்லுங்கள்.

செத்த கோழியின் இறகு சூட்டை வெளியே விடாது, உள்ளே அழுகல் ஆரம்பித்துவிடும். சோப்பு கலந்த குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, இரட்டைப் பையில் கட்டி, சாப்பாட்டுப் பொருள் இல்லாத ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் அரசு கால்நடை நோய் ஆய்வகத்துக்கு நேராகக் கொண்டுபோங்கள். நடுவில் எந்த ஆன்லைன் சேவையும் வேண்டாம்.

மூட்டையில் மிச்சமுள்ள தீனியைக் கொட்டிவிடாதீர்கள், லேபிளோடு அரைக் கிலோ எடுத்து வையுங்கள்.