1,380 டொலர் போச்சு: பான்ஃப் "முழுப் பொதி" விற்பவர்களுக்குக் காசு அனுப்பாதீர்கள்

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் மொரெய்ன் ஏரி பஸ் இருக்கை, மலைக்குள் கூடாரம் அடிக்க அனுமதி, பூங்கா நுழைவு, வாடகைக்குக் கூடாரம், கரடியை விரட்டும் மிளகு ஸ்ப்ரே எல்லாம் சேர்த்து ஒரே விலை என்று தமிழில் விளம்பரம் போடும் சமூக ஊடகப் பக்கங்கள் 2025 கோடையில் முளைத்திருக்கின்றன. அதில் ஒன்றுக்கு ரொறொன்ரோவிலிருந்து போன எங்கள் நாலு பேரின் காசு 1,380 டொலர் போயிருக்கிறது. பக்கத்தின் பெயரைப் போடவில்லை. போட்டாலும் பயனில்லை, நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள். அவர்கள் செய்யும் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள், அது மாறாது. சரிபார்க்கும் வழிகளைக் கடைசியில் முழுதாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. நாலு பஸ் இருக்கை, ஒன்று 95 டொலர்படி 380. அதே பூங்காவின் ஸ்கோக்கி மலைப் பகுதியில் மூன்று இரவு முகாம் அனுமதி 460. பூங்கா நுழைவு 90. கூடாரம், அடுப்பு, தண்ணீர் வடிகட்டி, ஸ்ப்ரே வாடகை 450. மொத்தம் 1,380.

இதில் ஒவ்வொரு எண்ணும் பொய். தேசியப் பூங்காக்களை நடத்தும் அரசு அமைப்பான பார்க்ஸ் கனடா 2025-இல் அந்த பஸ்ஸுக்குப் பெரியவர் ஒருவரிடம் வாங்கியது 8 டொலர், அதற்கு மேல் சின்ன முன்பதிவுக் கட்டணம். முகாம் அனுமதி அப்போது ஒரு ஆளுக்கு ஒரு இரவு 20 டொலருக்கும் கீழே. நுழைவுக்கு 90 வாங்கினார்களே, அதுதான் வயிறு எரிகிறது: 2025 ஜூன் 20 முதல் செப்டம்பர் 2 வரை தேசியப் பூங்காக்களுக்கு நுழைவு எல்லோருக்கும் இலவசமாக இருந்தது. அரசாங்கம் சும்மா கொடுத்ததை எங்களுக்கு விற்றிருக்கிறார்கள்.

ஏன் இப்படி ஒரு சந்தை உருவானது என்று பலருக்கு விளங்குவதில்லை. 2023 முதல் மொரெய்ன் ஏரி வீதியில் சொந்த வாகனம் போக முடியாது. லேக் லூயிஸ் பனிச்சறுக்கு மையத்தில் காரை விட்டுவிட்டு பார்க்ஸ் கனடா பஸ்ஸில் போகவேண்டும், அல்லது உரிமம் பெற்ற தனியார் பஸ்ஸில். பார்க்ஸ் கனடா இருக்கைகளில் 40 வீதம் வசந்தகாலத்தில் ஒரே நாளில் திறக்கும், போய்விடும். மிச்சம் 60 வீதம் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு, மலை நேரம் (பான்ஃப் பக்கத்து நேரம்) காலை 8 மணிக்குத் திறக்கும். ரொறொன்ரோவில் அப்போது 10 மணி. இந்த 60 வீதம் தெரியாத ஆட்கள்தான் இவர்களுடைய வாடிக்கையாளர்கள். "எல்லாம் ஏப்ரலிலேயே முடிஞ்சுது, எங்களிட்ட மட்டும்தான் இருக்கு" என்பது இவர்களின் முதல் வசனம். (பழைய 20 டொலர் தாளின் பின்பக்கத்தில் இருந்த அதே ஏரி. பார்க்க 95 டொலர்!)

நம்ப வைத்தது எது என்பதைத்தான் நீட்டி எழுதவேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கத்தின் சார்பில் எங்களோடு கதைத்த ஆள் விஷயம் தெரிந்தவன். போனில் அவன் கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றியே இல்லை. "அண்ணை, ஸ்ப்ரேயும் எரிவாயுக் குப்பியும் பிளேனில கொண்டுவர ஏலாது, செக்-இன் பெட்டியிலயும் விடமாட்டாங்கள். கல்கரியில நான் எடுத்து வைக்கிறன்" என்றான். அது முழு உண்மை. சென்ரினல் கணவாய் 2,611 மீற்றர், ஏரியிலிருந்து 5.8 கிலோமீற்றர், ஏற்றம் 725 மீற்றர் என்று தாளைப் பார்க்காமல் சொன்னான். லார்ச் பள்ளத்தாக்கில் கரடி நடமாட்டம் இருந்தால் நாலு பேர் சேர்ந்து நெருக்கமாக நடக்கவேண்டும் என்று கட்டுப்பாடு வரும், நீங்கள் சரியாக நாலு பேர் என்றான். ஸ்கோக்கியில் இரண்டாம் நாள் டிசெப்ஷன் கணவாயை மத்தியான இடிக்கு முன் கடந்துவிடுங்கள் என்றான். இப்படிக் கதைப்பவனை யார் கள்ளன் என்று நினைப்பது? அதன்பிறகு பஸ் முன்பதிவின் ஸ்கிரீன்ஷொட் வந்தது: எண், திகதி, காலை 4 மணி, நாலு பேர்.

அந்த ஸ்கிரீன்ஷொட் போலியே அல்ல. அவன் தன் கணக்கில் உண்மையாகவே முன்பதிவு செய்து, படம் எடுத்து அனுப்பி, பிறகு ரத்துச் செய்திருக்கிறான். ரத்துச் செய்தால் முன்பதிவுக் கட்டணம் போக மிச்சக் காசு அவனுடைய கார்டுக்குத் திரும்பிவிடும். ஒரே முன்பதிவின் படத்தை எத்தனை பேருக்கு விற்றானோ தெரியாது. படம் அப்படியே இருக்கும், இருக்கை இராது. போன சனிக்கிழமை விடிய, வாகனத் தரிப்பிடத்தில் ஊழியர் தேடிப் பார்த்துவிட்டு "ரத்து" என்று சொன்ன விதத்திலேயே தெரிந்தது, அவருக்கு இது புதிதல்ல.

முகாம் அனுமதி வேறு ரகம், அது திருத்திய பி.டி.எஃப். பான்ஃப் மலைமுகாம்களுக்கு எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு உண்டு. ஸ்கோக்கிப் பக்கம் ஹிடன் ஏரி எஸ்.கே. 5, பேக்கர் ஏரி எஸ்.கே. 11, மெர்லின் மெடோஸ் எஸ்.கே. 18, ரெட் டியர் ஏரிகள் எஸ்.கே. 19. எங்களுக்கு வந்த தாளில் பேக்கர் ஏரிக்கு நேரே எஸ்.கே. 5 என்று இருந்தது. இன்னொருவரின் ஹிடன் ஏரி அனுமதியில் பெயரையும் இடத்தையும் மாற்றிவிட்டு குறியீட்டை மறந்திருக்கிறான். லேக் லூயிஸ் தகவல் நிலையத்தில் அந்த எண்ணைத் தட்டியதும் வேறு பெயர், வேறு மாதம். உண்மையான அனுமதியாக இருந்திருந்தாலும் பிரயோசனமில்லை: அனுமதி யாருடைய பெயரில் இருக்கிறதோ அவர் குழுவோடு நடக்கவேண்டும். விற்கவும் கைமாற்றவும் இடமில்லை.

வாடகைச் சாமான் மட்டும் கிடைத்தது, கல்கரியில் ஒரு கட்டடத்தின் வாசலில் பையாக வைத்திருந்தார்கள். 450 டொலருக்கு என்ன தந்தார்கள் பாருங்கள். கூடாரத்தின் உள்பூச்சு பிசுபிசுத்து, புளித்த மணம். ஈரத்தோடு மடித்து வைத்தால் பொலியூரிதேன் பூச்சு இப்படித்தான் சிதையும், பிறகு மழையைத் தாங்காது. கரடி ஸ்ப்ரே 2021-இல் காலாவதி. உள்ளே இருக்கும் மிளகுச் சத்து கெடுவதைவிட அழுத்தம் கசிந்து குறைவதுதான் பெரிய ஆபத்து, கரடியை எட்டுமுன்பே காலடியில் விழும். 230 கிராம் எரிவாயு என்று எழுதிய குப்பி நிறைந்திருந்தால் தராசில் கிட்டத்தட்ட 375 கிராம் காட்டவேண்டும், வெறுங்குப்பியே 150 வரும். இது 210 காட்டியது. தண்ணீர் வடிகட்டி எங்கே இருந்ததோ? இழை வடிகட்டி ஒருமுறை நனைத்த பிறகு உறைந்தால் உள்ளிழைகள் வெடித்துவிடும், வெளியிலிருந்து பார்த்து ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வழமைபோல ஓடும். கல்கரிக் குளிரில் கராஜில் கிடந்த வடிகட்டியில் ஆற்றுத் தண்ணீர் குடிப்பதைவிட கொதிக்கவைத்துக் குடிக்கலாம், அதற்கும் அந்த 60 கிராம் எரிவாயு போதாது.

அதன்பிறகு வந்த பதில்களையும் எழுதத்தான் வேண்டும். முதலில் "சிஸ்டம் பிழை அண்ணை, அரை மணித்தியாலம் நில்லுங்கோ". மத்தியானம் "உங்கட பெயரை அவங்கள் பிழையா அடிச்சுப் போட்டாங்கள்". பெயர் பிழையென்றால் ரத்து என்று ஏன் காட்டுகிறது என்று கேட்டதற்கு நீல நிற டிக் வந்தது, பதில் வரவில்லை. இரவு ஒரு பெண் குரல் எடுத்து, முன்பதிவு எல்லாம் "பார்ட்னர்" பார்ப்பது, ஐந்து வேலைநாளில் திருப்புவோம் என்றது. அடுத்த நாள் காசுக்குப் பதிலாக அடுத்த வருடப் பொதியில் 15 வீதம் கழிவு! 1,380 டொலரைத் தின்றுவிட்டு கழிவு. அதற்குப் பிறகு இலக்கம் தடை, பக்கத்தில் எழுதிய கருத்தும் காணாமல் போனது. அந்தச் சமூக ஊடகத் தளத்துக்கு முறையிட்டால் "எங்கள் விதிகளை மீறவில்லை" என்று தானாக வரும் ஒரு பதில்.

வங்கி? காசு இன்டராக் ஈ-ட்ரான்ஸ்பரில் (கனடாவில் வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு இணையத்தில் காசு அனுப்பும் முறை) போனது. கிறெடிட் கார்ட் கேட்டபோது "மூன்று வீதம் கூட வரும் அண்ணை" என்று அக்கறையாகத் தவிர்த்தான், காரணம் இப்போது விளங்குகிறது. ஈ-ட்ரான்ஸ்பரை மற்றப் பக்கம் ஏற்கும்வரைதான் நிறுத்தலாம். அவன் வைத்திருந்தது ஓட்டோடெபொசிட், பாதுகாப்புக் கேள்வி இல்லை, அனுப்பிய உடனே கணக்கில் விழும். நீங்களே அனுமதித்து அனுப்பியது, எங்களால் ஒன்றும் செய்ய ஏலாது என்று வங்கி மிகப் பணிவாகச் சொன்னது. ஓட்டோடெபொசிட்டில் அனுப்பும்போது பெறுபவரின் பதிவுப் பெயர் திரையில் வரும். அதில் வந்தது அவன் பெயரல்ல, "அது மிஸிஸின்ர கணக்கு" என்று அதற்கும் பதில் தயாராக இருந்தது. பொலிஸ் இணையத்தில் முறைப்பாட்டு எண் ஒன்று தந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வழிகளை விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. பஸ்ஸும் முகாமும் பார்க்ஸ் கனடாவின் முன்பதிவுத் தளத்தில் உங்கள் சொந்தக் கணக்கில், உங்கள் பெயரில் மட்டும். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் உங்கள் பெட்டிக்கு நேரே வராவிட்டால் முன்பதிவு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஸ்கிரீன்ஷொட் கணக்கில் இல்லை. இரண்டு நாள் முன்பு ரொறொன்ரோ நேரம் 10 மணிக்கு முன்னமே உள்நுழைந்து காத்திருங்கள். உரிமம் பெற்ற தனியார் பஸ்கள் தங்கள் சொந்த வண்டி இருக்கையை விற்பார்கள், பார்க்ஸ் கனடா இருக்கையை "மாற்றித் தருகிறோம்" என்று எவர் சொன்னாலும் போனை வையுங்கள். கிறெடிட் கார்ட் எடுக்காதவனுக்கு ஒரு சதமும் வேண்டாம். ஸ்ப்ரேயின் திகதியைக் கடையிலேயே பாருங்கள், எரிவாயுக் குப்பியை நிறுத்துப் பாருங்கள்.

அதே பக்கத்தில் நேற்றிரவு புதிய விளம்பரம்: செப்டம்பர் கடைசியில் லார்ச் மரங்கள் மஞ்சளாகும் வாரத்துக்கு "கடைசி ஆறு இருக்கைகள்", ஒன்று 120 டொலர். ஏற்கெனவே காசு அனுப்பியவர்கள் இருந்தால் இன்றைக்கே வங்கிக்கு எடுங்கள், ஏற்காமல் கிடந்தால் நிறுத்தலாம். கனடிய மோசடித் தடுப்பு மையம் 1-888-495-8501. எங்கள் முறைப்பாடு அங்கே போயிருக்கிறது, உங்களுடையதையும் போடுங்கள்.