எஸ்எஸ்டி போடச் சொன்னால் சிஸ்டத்தையே மாற்றிவிட்டார்

புளியரை செக்போஸ்ட் பக்கம் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறேன். செங்கோட்டை, தென்காசி வட்டாரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு ஆள் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடுங்கள்.

2025 தீபாவளிக்கு முந்தின வாரம், ஆபீஸ் கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க்) மட்டும் மாற்றச் சொன்னேன். அதில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு சிஸ்டத்தின் 22.04 பதிப்பு ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வந்த தம்பி கேட்காமலே 25.10-ஐ ஏற்றிவிட்டு, "லேட்டஸ்ட் அண்ணாச்சி, இனி அஞ்சு வருஷம் தொட வேண்டாம்" என்று அதற்குத் தனியாக 800 ரூபாய் வாங்கிக்கொண்டார். அது வெளிவந்தே நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது, அக்டோபர் 9. அதற்கு ஆதரவு வெறும் 9 மாதம். அஞ்சு வருஷமெல்லாம் 22.04, 24.04 மாதிரி எல்டிஎஸ் என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்குத்தான்.

ஈ-வே பில் பக்கத்தில் ஒரு கீயைத் தட்டினால் லாரி நம்பர் தானாக விழும்படி அக்கா மகன் எக்ஸ்டூடூலில் (கீபோர்டில் அடிப்பதைத் தானாகச் செய்யும் புரோகிராம்) ஸ்கிரிப்ட் எழுதித் தந்திருந்தான். அது முதல் நாளே படுத்துவிட்டது. புதுப் பதிப்பில் திரையைக் கவனிக்கிற வேலண்டில் அது எடுக்காதாம். பழைய எக்ஸார்குக்குப் போகலாமென்று லாகின் திரையில் தேடினால் அந்த வரியையே காணோம். சரி, கையால் அடித்துக்கொண்டேன்.

பேக்கப் விஷயம்தான் வயிற்றில் அடித்தது. வாடகை பாக்கி ஃபைலின் நகல் பென்டிரைவில் இன்றைய தேதியில் இருக்கிறதா என்று, ஃபைல் கடைசியாக மாறிய நேரத்தைச் சொல்லும் 'டேட் -ஆர்' கட்டளையால் பார்த்து, இல்லாவிட்டால் புது நகல் எடுக்கும் ஸ்கிரிப்ட் அது. 25.10-இல் 'டேட்' மாதிரி அடிப்படைக் கட்டளைகள் அடங்கிய பழைய குனு கோர்யூட்டில்ஸுக்குப் பதில், ரஸ்ட் என்ற புரோகிராம் மொழியில் எழுதியதை வைத்திருந்தார்கள். அதில் '-ஆர்' வேலையை அப்போது எழுதியே முடித்திருக்கவில்லை. தெரியாது என்று ஒரு பிழையாவது காட்டியிருக்கலாம். எந்த ஃபைலைக் கேட்டாலும் அந்த நிமிட நேரத்தையே சொல்லியது. ஸ்கிரிப்டும் 'இன்றைக்கு எடுத்தாயிற்று' என்று தினமும் தூங்கப் போய்விட்டது.

கார்த்திகை பிறந்து சபரிமலை கூட்டம் தொடங்கிய வாரம், கரண்ட் போய் வந்ததும் ஃபைல் திறக்கவில்லை. பென்டிரைவைச் செருகினால் நகலின் தேதி அக்டோபர் 13.

உபுண்டுக்காரர்களைக் குறை சொல்லமாட்டேன். அடுத்த எல்டிஎஸ்ஸுக்கு முன் சோதித்துப் பார்க்கத்தான் இதில் வைக்கிறோம் என்று முன்பே சொன்னார்கள், அக்டோபரிலேயே திருத்தமும் விட்டார்கள். ஆனால் தானாக அப்டேட் தேடும் வேலையும் இதே பிழையில் சிக்கியிருந்ததால் திருத்தம் என் மெஷினுக்கு வரவே இல்லை! வெள்ளோட்டம் விடுகிற வண்டியில் என் லோடை ஏற்றிய தம்பியைத்தான் கேட்கவேண்டும். கேட்டேன். "பழசையே பிடிச்சுட்டு இருந்தா எப்படி அண்ணாச்சி" என்றார். 800 திரும்பவில்லை.

அக்கா மகன் வந்து 24.04 போட்டுத் தந்தான். புக்கிங் ரசீதுகளின் கார்பன் காப்பியை வைத்து நானும் சம்சாரமும் ஒன்பது நாள் கணக்கு எழுதினோம். புனலூர் டிரைவர் ஒருவர் மட்டும் "அண்ணாச்சி, ஞான் அன்னே தந்தல்லோ" என்கிறார். 11,400 ரூபாய். தந்தாரா இல்லையா என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.