டிரம் தனி, டோனர் தனி: நான் பிரதர் பிரிண்டர் வாங்கிய கணக்கு

மாடியில் டியூஷன் எடுக்கிறேன். வாரத் தேர்வு, திருப்புதல் தேர்வு என்று மாதம் 800 பக்கம் போல அச்சடிக்க வேண்டியிருக்கும். எல்லாமே கறுப்பு வெள்ளை. பழைய பிரிண்டர் மூச்சை நிறுத்தியதும் என் முன்னால் இரண்டு வழி இருந்தன. ஒன்று, ஊரெல்லாம் ஓடும் எச்பி எம்1005 போல 12ஏ கார்ட்ரிட்ஜ் போடும் மெஷின். இன்னொன்று, பிரதர் எச்எல்-எல்2321டி. இரண்டாவதை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

ஊரறிந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்1005 நிமிடத்துக்கு 14 பக்கம் அடிக்கும், பிரதர் 30. பிரதர் தாளைத் தானே திருப்பி மறுபக்கமும் அடித்துவிடும், எம்1005-இல் நாம்தான் திருப்பி வைக்க வேண்டும். ஆனால் எம்1005-இல் ஸ்கேனும் ஜெராக்ஸும் உண்டு. 2321டி வெறும் பிரிண்டர், வைஃபை கூடக் கிடையாது. தினமும் நாலு ஆதார் நகல் எடுப்பவர் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

எனக்கு முடிவைச் சொன்னது டிரம். லேசர் பிரிண்டரில் எழுத்து முதலில் விழுவது தாளில் இல்லை, டிரம் என்கிற உருளையில். வெளிச்சம் பட்ட இடத்தில் மின்னேற்றம் மாறும் பூச்சு அதன் மேல் இருக்கிறது. லேசர் வரைந்த இடத்தில் டோனர் பொடி ஒட்டும், அங்கிருந்து தாளுக்கு மாறும், ஃபியூசர் என்கிற சூடாக்கும் பாகத்தில் உருகிப் பதியும். 12ஏ-இல் பொடியும் டிரம்மும் ஒரே டப்பாவுக்குள் இருக்கின்றன. 2000 பக்கத்தில் பொடி தீர்ந்தால், நன்றாக இருக்கிற டிரம்மும் சேர்ந்து குப்பைக்குப் போகிறது. பிரதரில் டோனர் தனி, 2600 பக்கம். டிரம் தனி, 12,000 பக்கம். ஆக 12,000 பக்கம் அடிக்க அங்கே ஆறு கார்ட்ரிட்ஜ், அதாவது ஆறு டிரம்முக்கும் காசு. இங்கே ஐந்து டோனர், ஒரு டிரம்.

என் அம்மா தையல்காரர். பாபினில் நூல் தீர்ந்தால் நூலைச் சுற்றி மறுபடி போடுவார், பாபின் கேஸையும் சேர்த்தா தூக்கி எறிவார்? பிரதரும் தையல் மெஷினில் பிறந்த கம்பெனிதான். 1908-இல் நாகோயாவில் தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடையாகத் தொடங்கியது. பிரதர் என்ற பெயரை முதலில் தாங்கியது 1928-இல் வந்த, வைக்கோல் தொப்பி தைக்கும் மெஷின். டைப்ரைட்டர் 1961-இல், பிரிண்டர் 1971-இல். தையல் புத்திதான் டிரம்மைப் பிரித்து வைத்தது என்று சொல்ல ஆசைதான். ஆதாரம் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் ரீஃபில்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், நியாயமும் இருக்கிறது. 12ஏ-இல் பொடிக் கணக்கு வைக்கும் சிப் கிடையாது. எந்தத் தெருவிலும் பொடி நிரப்பித் தருவார்கள், டிரம் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றியும் தருவார்கள். அப்படி ஓட்டுகிறவருக்கு என் ஆறு டிரம் கணக்கு செல்லாது. பிரதர் டோனரையும் நிரப்பலாம், ஆனால் அதன் பக்கவாட்டில் ஒரு சின்ன பல்சக்கரம் இருக்கிறது. புது டோனர் வந்திருக்கிறது என்று அது சுழன்றுதான் மெஷினுக்குச் சொல்லும். பொடி நிரப்புகிறவர் அதைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைக்காவிட்டால், உள்ளே பொடி இருந்தும் பொடி இல்லை என்று மெஷின் அடம்பிடிக்கும்.

ரீஃபிலில் எனக்குச் சொந்தக் கசப்பும் உண்டு. காலாண்டுத் தேர்வுக்கு முந்தின இரவு, பழைய பிரிண்டருக்குப் புதிதாக நிரப்பி வந்த கார்ட்ரிட்ஜ் பொடியைக் கக்கியது. நாற்பது வினாத்தாளும் சாம்பல் பூசிக்கொண்டு வந்தன. அதன் பிறகு ஒரிஜினல் டோனர் தவிர எதையும் தொடுவதில்லை.

பராமரிப்பிலும் பிரித்து வைத்ததன் பலன் தெரிகிறது. தாளில் நெட்டுக்குக் கறுப்புக் கோடு விழுந்தால், டிரம் யூனிட்டில் இருக்கும் சின்னத் தள்ளியை இடமும் வலமும் நாலைந்து முறை இழுத்தால் போதும், டிரம்முக்கு மின்னேற்றம் தரும் கொரோனா கம்பி உள்ளே சுத்தமாகிவிடும். தள்ளியைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும், மறந்தால் அதுவே புதுக் கோடு போடும். புள்ளி விழுகிறதா? ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். 94 மில்லிமீட்டருக்கு ஒன்று என்றால் டிரம்மில் ஏதோ ஒட்டியிருக்கிறது. அந்த உருளையின் சுற்றளவு அது.

டிரம் மாற்றுகிற மாதம் மட்டும் வலிக்கும். ஒரிஜினல் டிரம் டோனரைவிட விலை கூடுதல், அதற்கென்று தனியாக எடுத்து வைக்க வேண்டும். ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு பக்கம் என்று அடிக்கடி அடிப்பவருக்கு டிரம் 12,000 வரை போகாது. ஒவ்வொரு முறையும் டிரம் சும்மாவே சில சுற்று சுற்றிவிட்டுத்தான் நிற்கும். நான் நாற்பது நாற்பதாக அடிப்பதால் எனக்கு அந்தக் கணக்கு ஒத்து வந்தது.

பழையதாக விற்கும்போது 12ஏ மெஷினுக்கே மவுசு, அதை மறுக்கமாட்டேன். ஃபியூசர் போன்ற பெரிய ரிப்பேர் என் மெஷினுக்கு இன்னும் வரவில்லை, அதனால் சர்வீஸ் எப்படி என்று அளக்க என்னிடம் சரக்கில்லை. மாதம் ஐம்பது பக்கம்கூடத் தாண்டாத வீட்டுக்கு இரண்டுமே வேண்டாம், ஜெராக்ஸ் கடை போதும். என் மெஷினில் இப்போது இரண்டாவது டிரம், பாதி ஓடியிருக்கிறது. அடுத்ததற்கு உண்டியல் போட்டாயிற்று.